கேள்வி-பதில்: முதல் ரயிலுக்கு என்ன லக்னம்?

ஏப்ரல் 16 நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு ரயில் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். திருமணப் பொருத்தம், வீடு மனை கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1853-ல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயிலுக்கு ஒரு ஜோதிடர் சிம்ம லக்னம் போட்டிருக்கிறார், இன்னொருவர் கன்னி லக்னம் என்கிறார். இரண்டு பேருமே மதியம் 3.30 என்றுதான் எழுதுகிறார்கள். எது சரி? (ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர், அரக்கோணம்)

பதில்: லக்னம் என்பது அந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதிக்கும் ராசி. இங்கே அது சிம்மம்தான். ஆனால் கன்னி எப்படி வந்தது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும், ஐயா.

முதலில் தகவல். 16 ஏப்ரல் 1853, சனிக்கிழமை. போரி பந்தரில், அதாவது இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் இருக்கும் பக்கத்தில், 21 குண்டுகள் முழங்க, 14 பெட்டிகளில் சுமார் 400 விருந்தினர்களோடு வண்டி கிளம்பியது. சாஹிப், சிந்த், சுல்தான் என்று மூன்று இன்ஜின்கள் இழுத்தன. தூரம் 34 கிலோமீட்டர். நேரம் 3.30 என்று சிலரும் 3.35 என்று சிலரும் எழுதுகிறார்கள். நல்லவேளை, இந்த ஐந்து நிமிடத்தால் லக்னம் மாறவில்லை. 3.30-க்குச் சிம்மத்தில் ஏறக்குறைய 26-வது பாகை ஓடுகிறது, இன்னும் கால் மணி நேரம் போல ஆகியிருந்தால்தான் கன்னி தொடங்கும். இன்ஜின் கிளம்பத் தாமதமாகியிருந்தால் ஜாதகமே வேறு, அவ்வளவுதான் இடைவெளி.

இப்போது கன்னிக்கு வருவோம். 1853-ல் இந்திய நேரம் என்று ஒன்று கிடையாது, அது 1906-ல்தான் வந்தது. ஊருக்கு ஊர் சூரியனை வைத்து ஒரு நேரம். பம்பாயின் நேரம் இன்றைய நேரத்துக்கு 39 நிமிடம் பின்தங்கியது, ஆகவே அன்றைய 3.30 இன்றைய கணக்கில் 4.09. ஒருவர் பொறுப்பாக இதை மாற்றி 4.09 என்று கம்ப்யூட்டரில் கொடுத்திருப்பார், மென்பொருளோ பழைய தேதி என்பதால் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு தடவை திருத்தினால் லக்னம் பத்து பாகை நகர்ந்து கன்னியில் போய் உட்காரும். இன்னொரு வழியும் உண்டு: மேல்நாட்டுக்காரர்களின் சாயன முறையில் போட்டாலும் கன்னி 18 பாகைதான் வரும், ஏனென்றால் நம் ராசிக் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் உள்ள பாகை வித்தியாசமான அயனாம்சத்தை அவர்கள் கழிப்பதில்லை. அந்த ஜோதிடரிடம் சந்திரன் எத்தனை பாகையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடகம் 1-2 பாகை என்றால் நேரத்தில் கோளாறு, கடகம் 23 என்றால் அவர் சாயனம் போட்டிருக்கிறார். (ஊருக்கு ஒரு நேரம் என்ற வழக்கத்தை ஒழித்ததே ரயில்தான், கால அட்டவணை அதோடு ஒத்துப்போகாது, பிறகு பல வருடம் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின.)

கட்டத்தை நான் திருக்கணித முறையில், லாஹிரி அயனாம்சத்தில் போட்டேன். சிம்ம லக்னம். மேஷத்தில் சூரியனும் சனியும். கடகத்தில் சந்திரன், புனர்பூசம் 4-ம் பாதம். தனுசில் குரு. மீனத்தில் செவ்வாய், புதன், சுக்கிரன். ராகு ரிஷபத்துக்கும் மிதுனத்துக்கும் நடுக்கோட்டில் நிற்கிறார், சராசரி ராகு போட்டால் மிதுனம், உண்மை ராகு போட்டால் ரிஷபம், ஆகவே ராகு-கேதுவை வைத்து இந்த ஜாதகத்தில் யாராவது பெரிதாகப் பலன் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கட்டம் தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்ததுமே கை துறுதுறுக்கும். லக்னாதிபதி சூரியன் பாக்கியத்தில், அதாவது ஒன்பதாம் வீட்டில், உச்சம் (முழு பலம்). குரு ஆட்சி (சொந்த வீட்டில்), அதுவும் ஐந்தில், ஒன்பதாம் பார்வையாக லக்னத்தைப் பார்க்கிறார், ஐந்தாம் பார்வையாக மேஷத்தையும் பார்க்கிறார். சந்திரன் ஆட்சி. சுக்கிரன் மீனம் 27 பாகையில், அவருக்குப் பரம உச்சம் சொல்லப்பட்ட அதே பாகையில். மறுபக்கம் இரும்புக்கும் உழைப்பாளிக்கும் காரகனான சனி நீசம் (பலவீனம்), ஆனால் உச்ச சூரியனோடு சேர்ந்ததால் நீசபங்கம், அதாவது அந்தப் பலவீனம் நீங்கியது என்பார்கள். புதன் நீசம், அவரும் உச்ச சுக்கிரனோடு சேர்ந்து தப்பித்துவிடுகிறார். உறுத்துவது எட்டில் செவ்வாய்தான். நான்காம் வீட்டுக்காரர், வாகனத்துக்குரியவர், அங்கே போய் நிற்கிறார்.

இந்தக் கட்டத்தை யாருடையது என்று சொல்லாமல் ஒரு நல்ல ஜோதிடரிடம் நீட்டினால் 'அரசாங்க சம்பந்தம், நீண்ட ஆயுள், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிற கை' என்று சொல்லக்கூடும், நானும் சொல்வேன். அதே கட்டத்தை 1853 ஏப்ரல் 16 மதியம் பம்பாயில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் போடலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்கக்கூடாது என்பார் என் மாமியார். முதல் ரயில் கிளம்பியது என்ன திதி? ராகுகாலமாவது பார்த்தார்களா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: உங்கள் மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அன்று அஷ்டமி. வளர்பிறை அஷ்டமி. காலையிலேயே பிறந்துவிட்டது. மறுநாள் காலை நவமி, அதுவும் சாதாரண நவமி இல்லை, ஸ்ரீராம நவமி. சித்திரை பிறந்து சில நாட்களே ஆன பிரமாதீச வருடம்.

ராகுகாலம் சனிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை, அது போயாச்சு. எமகண்டம் 1.30 முதல் 3 வரை, அதுவும் அரை மணி நேரம் முன்னால் முடிந்துவிட்டது. ஓரை, அதாவது ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒதுக்கிய மணி நேரம், செவ்வாய் ஓரை, நெருப்பும் இயந்திரமும் சேர்ந்த வேலைக்குப் பொருத்தம் என்று யாராவது வாதாடலாம். சூலம், அதாவது அந்தக் கிழமையில் பயணத்துக்கு ஆகாத திசை, சனிக்கிழமை கிழக்கு. தானே பம்பாய்க்கு வடகிழக்கில் இருக்கிறது, பாதிச் சூலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், கொஞ்சம் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாகிவிடும். கவர்ன்மென்டும் கம்பெனிக்காரர்களும் ஏறிய வண்டி என்பதால் தயிர் கிடைத்திருக்காது.

சனிக்கிழமை, அஷ்டமி. இன்று எந்தப் பஞ்சாங்கக்காரரிடம் போனாலும் 'வேறு நாள் பாருங்கள்' என்றுதான் சொல்வார். அந்த நாளில் கிளம்பியதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: பம்பாய் கதை போதும். எங்கள் ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஜாதகம் போட்டீர்களா? தெற்கின் முதல் ரயில் அங்கிருந்துதானே? (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1 ஜூலை 1856, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர். நள வருடம் ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை. திதி? தேய்பிறை சதுர்த்தசி, சாயங்காலத்தை ஒட்டி அமாவாசை வந்துவிடுகிறது. நட்சத்திரம் மிருகசீரிடம். செவ்வாய்க்கிழமையில் சதுர்த்தசியில் புது வண்டிக்குப் பூஜை போட உங்கள் வீட்டில் சம்மதிப்பார்களா? சூலம் மட்டும் பிரச்சினை இல்லை, செவ்வாய் வடக்கு, வண்டி போனது மேற்கே.

ஆனால் எனக்கு இதில் திதியை விடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது. ராயபுரம் நிலையத்தைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தது ஜூன் 28-ம் தேதி, சனிக்கிழமை. பிறந்த நேரம் எது? திறந்துவைத்த நேரமா, பொதுமக்கள் டிக்கெட் வாங்கி ஏறிய நேரமா? நாள் மூன்று தள்ளிப்போனால் சந்திரன் ஒரு ராசி தாண்டிவிடும், நட்சத்திரம் மாறும், தசை, அதாவது எந்தக் கிரகத்தின் காலம் நடக்கிறது என்பது, அடியோடு மாறும்.

பம்பாய் வண்டியிலும் இதே கதைதான். 1853-க்கு முன்னாலேயே, 1837-ல், நம் செங்குன்றம் பக்கத்தில் கல் ஏற்றிச் செல்ல இருப்புப் பாதை போட்டாயிற்று. 1851 டிசம்பரில் ரூர்க்கியில் கால்வாய் வேலைக்காக 'தாமசன்' என்ற நீராவி இன்ஜின் ஓடியது. 1852 நவம்பரில் பம்பாய்-தானே பாதையிலேயே சோதனை ஓட்டம் நடந்தது. இந்திய ரயில்வேக்கு ஜாதகம் என்று சொல்லி 1853 ஏப்ரலை எடுப்பவர், பயணிகளை ஏற்றிய விழா நாள்தான் பிறப்பு என்று தானே தீர்மானித்துக்கொள்கிறார். செங்குன்றத்தில் கல் சுமந்த வண்டிக்கு 21 குண்டு முழங்கவில்லை, அதனால் அதற்கு ஜாதகமும் இல்லை. குழந்தைக்கு முதல் மூச்சு என்று ஒரு கணம் இருக்கிறது, அதிலேயே சிரசுதயமா (தலை வெளியே வந்த நேரமா), தொப்புள்கொடி அறுத்த நேரமா என்று நம் சாஸ்திரக்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். ரயிலுக்கு அப்படி ஒரு கணத்தை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம், எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதன் பலனைத்தான் அது சொல்லும்.

ஸ்டேஷனைப் பற்றி ஒரு வரி: இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் ராயபுரம் நாட்டிலேயே மிகப் பழையது. பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஒரு நாள் போய் அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டத்தை விட அது கூடுதலாகப் பேசும்.

கேள்வி: 1853 ஜாதகத்தின் தசா புக்தியை ரயில்வேயின் வரலாற்றோடு ஒப்பிட்டால் அப்படியே பொருந்துகிறது என்று ஒரு ஜோதிட மாநாட்டில் கேட்டேன். உண்மையா? இப்போது சுக்கிர தசை என்கிறார்களே, 2038 வரை ரயில்வே எப்படி இருக்கும்? (வங்கி ஊழியர், கோவை)

பதில்: பொருத்திக் காட்ட எனக்கும் தெரியும். பாருங்கள்.

புனர்பூசம் 4-ம் பாதம் என்பதால் பிறப்பில் குரு தசை, இருப்பு (அதில் மீதி) இரண்டு வருடம் சொச்சம். 1855-ல் சனி தசை தொடங்குகிறது, 19 வருடம். தண்டவாளம் நாடு முழுக்கப் பரவிய காலம் அது, 1870-ல் பம்பாயும் கல்கத்தாவும் ரயிலால் இணைந்தன, சனி என்றால் இரும்பு, ஆஹா. 1924-ன் நடுவில் சந்திர தசை. சில மாதங்களில், 1925 பிப்ரவரி 3-ம் தேதி, பம்பாயிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில். 1941 முதல் 1959 வரை ராகு தசை: உலகப் போர், பிரிவினையில் பாதைகளும் இன்ஜின்களும் இரண்டு நாடுகளுக்குப் பங்கு. 2011 முதல் 2018 வரை கேது தசை, கேது அறுப்பவர், 1924-லிருந்து தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் 2017-ல் பொது பட்ஜெட்டோடு கலந்து காணாமல் போனது. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

இனி மேடையில் சொல்லாததைச் சொல்கிறேன். இந்த வருடங்கள் எல்லாம் லாஹிரி அயனாம்சத்தில். பி.வி. ராமன் அயனாம்சத்தைப் பயன்படுத்துகிறவர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள், அது கிட்டத்தட்ட ஒன்றரை பாகை வித்தியாசம். அதைப் போட்டால் சந்திரன் புனர்பூசத்தின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார், குரு தசை இருப்பு நாலு மாதம் போலத்தான் மிஞ்சும், அதற்குப் பின்னால் வரும் தசைகள் எல்லாம் ஒன்றே முக்கால் வருடம் முன்னால் நகர்ந்துவிடும். கேது தசை 2016-லேயே முடிகிறது. பட்ஜெட் காணாமல் போனது சுக்கிர தசையில்! உடனே 'சுக்கிரன் தன காரகன், பெரிய கஜானாவோடு சேர்த்துவைத்தார்' என்று விளக்கம் வரும். வரும் பாருங்கள், வராமல் இருக்காது.

அதுதான் எனக்குப் பிடிக்காத இடம். நடந்து முடிந்ததற்கு எந்தத் தசையையும் ஒட்டலாம். எட்டில் செவ்வாய் என்றால் விபத்து என்கிறோமே, இந்த வண்டி முதல் நாள் ஒரு கீறலில்லாமல் தானேவுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1830 செப்டம்பர் 15-ம் தேதி லிவர்பூல்-மான்செஸ்டர் பாதையின் திறப்பு விழா. வழியில் இன்ஜின்கள் தண்ணீர் பிடிக்க நின்றபோது முன்னாள் மந்திரி ஹஸ்கிசன் பிரதமரைப் பார்த்துப் பேச இறங்கிப்போனார், பக்கத்துத் தண்டவாளத்தில் 'ராக்கெட்' இன்ஜின் வந்து மோதி அன்று இரவே இறந்தார். அந்தக் கட்டத்தைப் போட்டுவிட்டுக் காரணம் தேடினால் ஏதாவது ஒரு கிரகம் மாட்டத்தான் செய்யும். தண்டவாளத்தில் இறங்கி நின்றதுதான் காரணம் என்று எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்காது.

2038 வரை எப்படி என்று கேட்டீர்கள். நான் சொல்லப்போவதில்லை. ஒரு தனி மனிதருக்குச் சொன்னால் அவர் அடுத்த வருடம் வந்து சட்டையைப் பிடிப்பார், ரயில்வேக்குச் சொன்னால் பிடிக்க ஆளில்லை, அதனால்தான் நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் பலன் சொல்ல இவ்வளவு பேர் முண்டியடிக்கிறார்கள். அடுத்த மாநாட்டில் ஒருவர் 'பொருந்துகிறது' என்று சொன்னால், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த அயனாம்சம், எந்த நேர மண்டலம்?

கேள்வி: பாம்பன் புதிய பாலத்தை ராம நவமி அன்று திறந்தார்கள். பழைய பாலத்தை எந்த முகூர்த்தத்தில் திறந்தார்கள்? அது புயலில் சிக்கியதற்கு முகூர்த்தம் காரணமா? (மீன் வியாபாரி, மண்டபம்)

பதில்: பழைய பாலம் திறந்தது 24 பிப்ரவரி 1914. மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, அமாவாசை. மறுநாள் விடியும் நேரத்துக்குத்தான் சூரியனும் சந்திரனும் சேர்கின்றன, உலகத்தின் தென்கோடியில் அன்று சூரிய கிரகணம்கூடத் தெரிந்தது. அமாவாசையில் தொடங்குவது நம் ஊரில் தவறில்லை, நிறைந்த நாள் என்று கடை திறக்கிறவர்கள் உண்டு, அதுவும் ராமேஸ்வரத்துக்கு அமாவாசையை விடப் பொருத்தமான நாள் எது? வடக்கே ஒருவரிடம் சொன்னால் முகம் சுளிப்பார். ஊருக்கு ஊர் முகூர்த்தமும் மாறும்.

1964 டிசம்பர் புயலுக்கு முகூர்த்தத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம், அண்ணாச்சி. அந்த இரவு தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் அலை அப்படியே கொண்டுபோனது, ஊரே அழிந்தது, அந்த ஊரில் எல்லா லக்னத்திலும் எல்லா நட்சத்திரத்திலும் பிறந்தவர்கள் இருந்தார்கள். பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போயின, ஆனால் ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் 46 நாளில் மறுபடி வண்டி ஓடச் செய்தார், கடலில் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்து மாட்டி. கடலில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அதில் பாதி மீனவர்களின் கை. அப்புறம் 2022 டிசம்பர் வரை அதே பாலத்தில் ரயில் போனது. அமாவாசைச் செவ்வாய்க்கிழமைக்கு இது மோசமான ஆயுள் இல்லை.

புதிய பாலம் 6 ஏப்ரல் 2025, ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீராம நவமி. நவமியில் தொடங்கலாமா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை, ராமர் பெயர் வந்ததும் நவமி தோஷம் கழிந்துவிட்டது போல.

கேள்வி: மகள் வேலைக்குச் சேர வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்புகிறாள். வண்டி 10.45-க்கு, சரியாக ராகுகாலம். டிக்கெட்டை மாற்றவா? (ஓர் அப்பா, திருநெல்வேலி)

பதில்: மாற்ற வேண்டாம், பண்டிகைக் காலத்தில் மறுபடி டிக்கெட் கிடைப்பதுதான் பெரிய தோஷம். வெள்ளிக்கிழமை ராகுகாலம் 10.30-க்குத் தொடங்குகிறது, பத்து மணிக்கே வீட்டை விட்டு இறங்கி ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள், பிரயாணம் அங்கேயே தொடங்கியதாகக் கணக்கு. இன்னும் மனசு ஒப்பவில்லை என்றால் நம் பெரியவர்களின் பரஸ்தானம் இருக்கிறது: முந்தின நாள் நல்ல நேரத்தில் அவள் பையை ஸ்டேஷன் பக்கம் இருக்கிற உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். பையில் சான்றிதழ்கள் இருந்தால் மட்டும் அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.